ஹெலிக்ஸ் எல்டியிலிருந்து குவாட் கார்டெக்ஸுக்கு மேடையில் மாறுவது: திருவிழாக் காலத்துக்கு முன்பா, பின்பா?

காட்பாடி_கம்பி:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய ஆராதனைக்கும் வாசிப்பதுண்டு. சில ஆண்டுகளாக லைன் 6 நிறுவனத்தின் ஹெலிக்ஸ் எல்டி (ஆம்ப், எஃபெக்டு ஒலிகளை டிஜிட்டலாக உருவாக்கும், காலால் இயக்கும் கிட்டார் கருவி) ஒன்றையே வைத்துக்கொண்டு சோளிங்கரிலிருந்து ஆம்பூர் வரை எல்லா மேடைகளையும் சமாளித்து வருகிறேன். அதன் ஒலியில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் பெட்டியோடு சேர்த்துத் தூக்கினால் கிட்டாரைவிட அதுவே பெரிய சுமையாகிவிடுகிறது. கச்சேரி முடிந்து நள்ளிரவில் வேனில் ஏற்றும்போது அதற்கென்று இடம் ஒதுக்கவும் யாரும் முன்வருவதில்லை.

இப்போது பெங்களூரில் உள்ள நண்பர் ஒருவர் இதே வகைக் கருவியான தம்முடைய குவாட் கார்டெக்ஸை விற்க நினைக்கிறார். எடை ஏறத்தாழ 2 கிலோ, தோள்பையில் அடங்கிவிடும், கேட்கும் விலையும் கட்டுப்படியாகிறது. பழையதை விற்றுவிட்டுப் புதியதோடு பங்குனியிலேயே மேடை ஏறிவிடலாமா, அல்லது ஆடி முடியும்வரை பொறுக்க வேண்டுமா என்பதுதான் என் முதல் கேள்வி. ஹெலிக்ஸில் ஸ்னாப்ஷாட்டுகளைக் (ஒரே அமைப்புக்குள் ஒரே மிதியில் மாறும் ஒலி நிலைகள்) கொண்டு நான் செய்துவரும் வேலை அனைத்தையும் அவற்றுக்கு இணையான கார்டெக்ஸின் சீன்களைக் கொண்டு அப்படியே செய்ய முடியுமா, பழைய ப்ரீசெட்டுகளை (சேமித்துவைத்த முழு ஒலி அமைப்புகளை) ஏதேனும் ஒரு வழியில் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெல்லிசை_வாலாஜா:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ப்ரீசெட்டுகளை ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வழியில்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய கேபினெட் ஐஆர் கோப்புகள் (ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்து தரும் ஒலியின் பதிவுகள்) மட்டும் வேவ் வடிவில் இருப்பதால் இரண்டிலும் ஏறும். ஒலியில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரும் மைக்கும் தீர்மானிப்பதுதான் என்பதால், அந்த ஐஆர்களைக் கொண்டுபோனாலே உங்கள் பழைய ஒலியின் சாயல் வந்துவிடும். மற்றவை அனைத்தையும் கையால்தான் மீண்டும் கட்ட வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கருவி நன்றாக ஒலிக்கும் என்று இணையத்தில் முடிவில்லாமல் விவாதிக்கிறார்கள். நம்முடைய மேடையில் அந்தக் கேள்விக்குப் பெரிய வேலை இல்லை, ஏனென்றால் ஹெலிக்ஸ் 2015-லும் குவாட் கார்டெக்ஸ் 2021-லும் வந்தவை என்றாலும், இரண்டில் எதைத் திருவிழாப் பந்தலில் வைத்தாலும் கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு வேறுபாடு தெரியப் போவதில்லை. நம் வேலை கால் விரலில் இருக்கிறது. பல்லவியில் கோரஸ் போட்ட க்ளீன், இடையிசையில் டிலேயோடு லீட், சரணத்தில் உள்ளங்கையால் அடக்கிய தாளக்கட்டு, முடிந்ததும் அதே தாளத்தில் ஒரு குத்துப்பாட்டு, அதற்கு வா-வா பெடல் என்று ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முகம் காட்ட வேண்டிய வேலை இது. ராக் குழுவில் வாசிப்பவருக்குப் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடைக்கும். மெட்லி வாசிக்கும் நமக்கு அது கிடைப்பதில்லை.

எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ப்ரீசெட் என்ற முறை மெல்லிசை மேடைக்கு ஒத்துவராது. ஹெலிக்ஸில் ப்ரீசெட் மாறும்போது ஒரு கணம் ஒலி அறுபடுவதும், முந்தைய டிலேயின் வால் (எதிரொலியின் மிச்சம்) அங்கேயே வெட்டுப்படுவதும் உங்களுக்கே தெரியும். பின்னர் வந்த ஃபர்ம்வேரில் (கருவியின் உள் மென்பொருளில்) வால் தொடர்வதற்கு ஒரு வழி கொடுத்தார்கள். ஆனால் அதைத் தேர்ந்தால் கருவியின் இரண்டு ஒலிப் பாதைகளில் ஒன்றைப் பறிகொடுக்க வேண்டும். ஆகவே ஒரே ப்ரீசெட்டுக்குள் க்ளீன் ஆம்ப் ஒன்று, ஓவர்டிரைவ் ஆம்ப் ஒன்று, கம்ப்ரஸர், வா-வா, கோரஸ், இரண்டு டிலே, ஒரு ரிவெர்ப், அக்கூஸ்டிக் சிமுலேட்டர் ஆகிய அனைத்தையும் அடுக்கி, எட்டு ஸ்னாப்ஷாட்டுகளால் அவற்றைத் திறந்து மூடுவதே நம்மில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. குவாட் கார்டெக்ஸிலும் ஒரு ப்ரீசெட்டுக்கு எட்டு சீன்கள் உண்டு. நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம் என்று இடமும் தாராளமாக இருக்கிறது. ஆகையால் உங்கள் கேள்விக்கு நேர் பதில், முடியும் என்பதே.

ஆனால் பழக்கம் மாறும் இடம் ஒன்று உண்டு. ஹெலிக்ஸில் ஒரு குமிழை அழுத்திக்கொண்டே திருப்பினால், அந்த அளவு ஸ்னாப்ஷாட்டுக்கு ஸ்னாப்ஷாட் தனித்தனியாக நினைவில் நிற்கும். அழுத்தாமல் திருப்பினால் எல்லா ஸ்னாப்ஷாட்டுக்கும் பொதுவாக மாறும். கார்டெக்ஸிலும் இதே வேறுபாடு உண்டு. எந்த அளவு சீனுக்குச் சீன் மாற வேண்டுமோ அதை நாமே சீனுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்காத அளவைத் தொட்டால் எட்டு சீனும் சேர்ந்து மாறும். செய்யும் விதந்தான் வேறு. விரல் ஹெலிக்ஸின் பழக்கத்திலேயே போய் லீடுக்கு என்று கெயினை (ஆம்பின் கரகரப்பைக் கூட்டும் அளவை) கூட்டும், க்ளீனும் சேர்ந்து உறுமத் தொடங்கும். ஒத்திகையில் நடந்தால் சிரித்துக்கொள்ளலாம். கச்சேரி நடுவில் நடந்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

மைக்செட்_குடியாத்தம்:

கிட்டார் வாசிப்பவர்கள் பேசுவதை மிக்ஸர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. கருவி மாற்றியவர் முதல் கச்சேரிக்கு வரும்போது எங்களுக்கு ஏற்படும் தலைவலி அனேகமாக எப்போதும் ஒன்றுதான்: அவருடைய ஒலி அளவுகளுக்குள் ஒழுங்கு இருக்காது. க்ளீன் சீனில் பூனைபோல் இருக்கும் சேனல் லீட் சீனில் சிவப்பு விளக்கைத் தொடும். நான் ஃபேடரை இறக்கினால் அடுத்த க்ளீன் காணாமல் போகும். பழைய கருவியில் பல மாதங்களாக எங்களைப் போன்றவர்கள் முணுமுணுத்து முணுமுணுத்து அவர் சரிசெய்துவைத்த அளவுகள் புதியதில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு காரணம், வீட்டில் ஹெட்ஃபோனிலோ சிறிய ஸ்பீக்கரிலோ வைத்து ஒலியை அமைப்பது. குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் மங்கலாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் உட்கார்ந்து அமைப்பவர் அந்த இரண்டையும் தாராளமாகக் கூட்டி, நடுத்தொனியைக் குறைத்துவிடுகிறார். அதே ஒலி பந்தலில் ஆயிரம் பேருக்கு எழும்போது கீழே பேஸ் கிட்டாரோடு மோதுகிறது, மேலே காதைக் கிழிக்கிறது, நடுவில் கிட்டார் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விரைவாக அடங்கிவிடும். ஆகையால் கேபினெட் பகுதியில் உச்சத்தொனியை வெட்டும் ஹை-கட்டை 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள்ளும், அடித்தொனியை வெட்டும் லோ-கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள்ளும் வைத்துக்கொண்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். லீடுக்குக் கூடுதல் சத்தம் வேண்டுமென்றால் ஆம்புக்கு முன்னால் கெயினைக் கூட்டாமல், ஆம்புக்குப் பின்னால் ஒரு வால்யூம் பிளாக்கில் (ஒலிச் சங்கிலியின் ஒரு கட்டத்தில்) 3 டெசிபல் மட்டும் கூட்டுங்கள். முன்னால் கூட்டினால் கரகரப்புதான் கூடும், சத்தம் கூடாது.

இன்னொன்று, எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பீக்கர்கள் தெரு நெடுகக் கட்டப்படும், எல்லாம் மோனோதான். இடமும் வலமும் விரிந்து ஒலிக்கும்படி செய்த கோரஸையும் பிங்-பாங் டிலேயையும் மோனோவில் சேர்க்கும்போது சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். புதிய கருவியில் ஒலியைக் கட்டும்போதே அவுட்புட்டை மோனோவாக வைத்துக் கேட்டுக் கட்டுங்கள்.

எக்ஸ்எல்ஆர் கம்பியை நேரே மிக்ஸருக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அனலாக் மிக்ஸர்கள் பலவற்றில், மைக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவருக்கு எல்லாச் சேனலுக்குமாக ஒரே பொத்தான்தான் உண்டு. தபேலாவுக்குக் கண்டென்ஸர் மைக் வைத்திருந்தால் அதை நான் அணைக்க முடியாது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை இடையில் வைப்பது உங்கள் கருவிக்கும் நல்லது, தரையிணைப்பால் வரும் ஹம் சத்தத்தையும் அது அறுத்துவிடும்.

காட்பாடி_கம்பி:

இருவருக்கும் மிக்க நன்றி. மோனோ பற்றி ஐயா சொன்னது என் மனத்தில் வெகு நாளாக இருந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்தது. என் க்ளீன் ஒலி ஆலயத்தில் நன்றாகவும் தெருக் கச்சேரியில் சப்பென்றும் இருப்பதன் காரணம் இப்போதுதான் பிடிபடுகிறது.

இரண்டு விஷயங்களில் ஆலோசனை தேவைப்படுகிறது. ஊர்ப்புறக் கச்சேரிகளில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது ஹெலிக்ஸ் அணைந்து மீண்டும் எழுந்து வர நேரம் எடுக்கிறது. அதுவரை கீபோர்டுக்காரர்தான் பாட்டைத் தாங்குகிறார். கார்டெக்ஸ் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குவதால், வைஃபை ரவுட்டருக்கு விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ்ஸை அதற்குப் பொருத்திவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். மற்றொன்று, தொடக்கத்தில் சில கச்சேரிகளுக்கு இரண்டு கருவிகளையும் சேர்த்தே இயக்கி, கிட்டாரை இரண்டாகப் பிரித்து இரண்டு சேனலில் கொடுத்தால் ஒன்று தவறினாலும் மற்றொன்று ஒலித்துக்கொண்டிருக்கும் அல்லவா?

மின்னியல்_சத்துவாச்சாரி:

ரவுட்டர் யுபிஎஸ்ஸைத் தயவுசெய்து பொருத்தாதீர்கள். 12 வோல்ட் என்ற எண் ஒன்றாக இருப்பதோடு பொருத்தம் முடிந்துவிடுகிறது. குவாட் கார்டெக்ஸுக்கு 3 ஆம்பியர் தேவை. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரவுட்டர் யுபிஎஸ்கள் 2 ஆம்பியர் அளவில் நின்றுவிடுபவை. அதைவிடப் பெரிய ஆபத்து முனையில் இருக்கிறது. ரவுட்டர் பிளக்குகளில் வழக்கமாக நடுமுள் பாஸிட்டிவ். கிட்டார் பெடல் உலகின் வழக்கப்படி கார்டெக்ஸின் நடுமுள் நெகட்டிவ். பிளக் உள்ளே நுழைந்துவிட்டது என்பதற்காக மின்சாரமும் சரியான திசையில் போகும் என்று பொருளில்லை. இதற்குக் கணினிக்கு வைக்கும் சாதாரண 600 விஏ யுபிஎஸ் போதும். கார்டெக்ஸ் இழுப்பது அதிகபட்சம் 36 வாட். ஹெலிக்ஸ் எல்டி நேரடியாக 230 வோல்ட்டில் இயங்குவதால் அதற்கும் இதே யுபிஎஸ் உதவும். மின்சாரம் மாறும் சில மில்லிசெகண்டு இடைவெளியை அடாப்டரில் உள்ள கெபாசிட்டரே தாங்கிவிடும். யுபிஎஸ்ஸை மட்டும் கிட்டாரிலிருந்து தள்ளி மேடையின் பின்புறம் வையுங்கள், அருகில் இருந்தால் சிங்கிள்-காயில் பிக்கப் அதன் இரைச்சலை உறிஞ்சும். சீரியல் செட் விளக்குகளின் டிம்மருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது பற்றி: தயவுசெய்து வேண்டாம். டிஜிட்டல் கருவி ஒவ்வொன்றும் உள்ளே வந்த ஒலியைக் கணக்கிட்டு வெளியே அனுப்ப ஓரிரு மில்லிசெகண்டு எடுத்துக்கொள்ளும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிசெகண்டு ஆவதால், தனியாகக் கேட்கும்போது அது ஒரு பொருட்டே அல்ல. ஸ்பீக்கரிலிருந்து ஓரிரு அடி தள்ளி நின்றதுபோல்தான். ஆனால் இரண்டு கருவிகளின் தாமதமும் சமமாக இருக்காது. வேறுபாடு ஒரு மில்லிசெகண்டு என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சம அளவில் மோனோவில் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், பிறகு 1500-இல், 2500-இல் என்று சீப்பின் பற்களைப்போல் வரிசையாக விழுந்துகொண்டே போகும். கிட்டாரின் உயிர் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இரண்டும் தேவை என்றால் ஏபி பெட்டி ஒன்றை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஒலிக்கும்படி செய்யுங்கள். மிக்ஸரில் மற்றதை மியூட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆலயக்_கிட்டார்:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். மாறித்தான் ஆக வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வியப்பு. தம்பி தம் ஹெலிக்ஸின் ஒலியில் குறையில்லை என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். குறை எடையில் மட்டும் என்றால், அதே நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்எல் 2021 முதல் கிடைக்கிறது; எட்டு ஃபுட்ஸ்விட்ச், அதே ஆம்ப் மாடல்கள், அதே எஃபெக்டுகள். ஹெலிக்ஸ் ப்ரீசெட்டை அதில் நேரே ஏற்ற முடியாது என்றாலும், பிளாக்கின் பெயரும் குமிழ்களின் எண்களும் ஒன்றே என்பதால் பார்த்துப் பார்த்து நகல் எடுத்துவிடலாம், காதால் தேட வேண்டியதில்லை. கணக்கிடும் திறன் குறைவு, பிளாக்குகளும் எட்டுதான். அதற்குள் அடங்காதபடி அவர் மேடையில் என்னதான் செய்கிறார் என்று பார்க்கலாம்.

நான் கெம்ப்பர் ஸ்டேஜ் என்ற இன்னொரு கருவியை வைத்திருக்கிறேன். பர்ஃபார்மன்ஸ் எனப்படும் தொகுப்பு ஒன்றுக்கு ஐந்து ஸ்லாட், அப்படி 125 பர்ஃபார்மன்ஸ். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் முழு ஆம்ப்பே வேறாக இருக்கலாம், ஆனாலும் மாறும்போது டிலேயும் ரிவெர்ப்பும் அறுபடாமல் வழிந்து வரும். ஆராதனைப் பாடல்களில் ஒரு பாடலின் கடைசி ஸ்வரம் மறையும் முன் ஜெபம் தொடங்கிவிடும், அதன் அடியில் அடுத்த பாடல் எழும். அங்கே டிலேயின் வால் வெட்டுப்பட்டால் கதவைப் படாரென்று சாத்தியதுபோல் இருக்கும். வாலாஜா அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஒரே ப்ரீசெட்டுக்குள் திணிக்கும் முறையைக் கையாள வேண்டிய அவசியமே இதில் எழுவதில்லை.

மற்றொரு விஷயம், நம் ஊரில் வாசிப்பவர்களுக்கு மட்டும் உரியது. கோயில் மண்டபமானாலும் ஆலயமானாலும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேடை ஏறுகிறோம். ஹெலிக்ஸின் ஃபுட்ஸ்விட்சுகள் தொடுதலை உணர்பவை. வெறுங்கால் பட்டாலே திரையில் வேறொரு பிளாக் தேர்வாகிவிடும். குளோபல் செட்டிங்கில் ஸ்டாம்ப் செலக்டை அணைத்துவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கார்டெக்ஸில் ஒவ்வொரு ஃபுட்ஸ்விட்சுமே திருகும் குமிழும் ஆகும், அவை நெருக்கமாகவும் அமைந்திருக்கின்றன. வெறுங்காலால் அவற்றை இரண்டு மணி நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலணியோடு வாசிப்பவர்கள் எழுதிய விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

மெல்லிசை_வாலாஜா:

வெறுங்கால் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கெம்ப்பர் விஷயத்தில் உடன்பட முடியவில்லை. கெம்ப்பரின் ப்ரொஃபைல் ஆனாலும் கார்டெக்ஸின் கேப்சர் ஆனாலும், அது ஓர் ஆம்பைக் குறிப்பிட்ட ஒரு நிலையில் எடுத்த பதிவு. கெயினையும் டோனையும் அதிலிருந்து சிறிது நகர்த்தலாம். வெகுதூரம் நகர்த்தினால் அது அசல் ஆம்பின் நடத்தையாக இருக்காது. ஆகவே வெவ்வேறு கெயினுக்கு வெவ்வேறு பதிவுகளைச் சேகரித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆராதனைக்கு வரிசை முன்பே தெரியும், ஸ்லாட்டுகளையும் அதன்படி அடுக்கிவிடலாம். எங்களுக்கு மேடைக்குக் கீழிருந்து சீட்டு வரும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பழைய பாட்டு ஒன்றைக் கேட்பார், பாடகர் இசைவார், டிரம்மர் குச்சியைத் தட்டிவிடுவார். எந்தப் பர்ஃபார்மன்ஸில் எந்த ஸ்லாட் என்று தேட அங்கே அவகாசம் இல்லை. எட்டு முகங்களும் எப்போதும் காலுக்குக் கீழே இருக்கும் ஒரே ப்ரீசெட்தான் எங்களைக் காப்பாற்றுகிறது.

ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்எல் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு ஆம்ப், இரண்டு டிலே, அக்கூஸ்டிக் சிமுலேட்டர் என்று எண்ணத் தொடங்கினால் எட்டு பிளாக் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தம்பிக்கு நினைவூட்ட வேண்டிய இன்னொன்று: கார்டெக்ஸில் பாதத்தால் சாய்த்து அளவை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடல் கிடையாது. எல்டியில் வா-வாவும் வால்யூமும் உடம்போடு ஒட்டியே வருகின்றன, முனையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றன. கார்டெக்ஸுக்குப் பெடலைத் தனியாக வாங்க வேண்டும், அதற்கு ஒரு கம்பி, அது ஆடாமல் இருக்க ஒரு பலகை. இவை சேர்ந்த பிறகு எடையை மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.

கீபோர்டு_ஆற்காடு:

கிட்டார் இழைக்குள் கீபோர்டுக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழுவில் நான் பாட்டை மாற்றும்போதே மிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாகக் கிட்டார் கருவிக்கும் கட்டளை போய்விடும். கிட்டார்க்காரர் காலைத் தூக்க வேண்டியதில்லை. கருவி மாறும்போது இந்தப் பக்கமும் மாற வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

மிடியில் ப்ரீசெட்டை மாற்றும் புரோகிராம் சேஞ்ச் எண்கள் 0 முதல் 127 வரை. பல கீபோர்டுகள் அதையே 1 முதல் 128 வரை என்று திரையில் காட்டுகின்றன. கீபோர்டில் 5 என்று அடித்தால் கருவிக்குப் போவது 4. ஒன்று தள்ளி வருகிறதே என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள், உண்மையில் கருவி இரண்டுமே சரியாகத்தான் வேலை செய்யும். ப்ரீசெட்டுக்குள் முகம் மாற்ற ஹெலிக்ஸுக்கு சிசி (கன்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி கட்டளை) 69-ஐ அனுப்பினால் 0 முதல் 7 வரை எட்டு ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும். குவாட் கார்டெக்ஸில் சீனுக்கு சிசி 43, மதிப்பு அதே 0 முதல் 7. ஆகவே கருவியை மாற்றினால் கீபோர்டில் பாட்டுக்குப் பாட்டு எழுதிவைத்த இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். கச்சேரிக்கு வந்து இறங்கிய பிறகு செய்யக்கூடிய வேலை அல்ல அது.

காட்பாடி_கம்பி:

எங்கள் கீபோர்டுக்காரரிடம் இதைக் காட்டினேன். மிடி இல்லாமல் இருப்பதே நமக்கு நிம்மதி என்கிறார்.

ஆலய அண்ணன் சொன்னபடி வெறுங்காலால் மிதித்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த வாரமே கிடைத்தது. நண்பர் கருவியோடு ஊருக்கு வந்திருந்தார். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் இரண்டாம் வரிசையை மிதிக்கும்போது கால்விரல் நுனி முதல் வரிசைக் குமிழில் பட்டுக்கொண்டே இருந்தது. எல்டியில் பாதத்தைப் பரப்பி வைத்து வாசித்துப் பழகிவிட்டேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். மற்றபடி திரையில் எட்டு சீன்களின் பெயரும் பெரிய எழுத்தில் நிற்கும் கிக் வியூ எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எல்டியில் சுவிட்சுக்கு மேலே பெயர் காட்டும் சிறு திரைகள் கிடையாது என்பதால் இருட்டில் நிறத்தை வைத்தே வாசித்து வந்தேன்.

மெல்லிசை_வாலாஜா:

அப்படியானால் கச்சேரியில் நான்கு சீன்களைக் கீழ் வரிசையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: க்ளீன், தாளக்கட்டு, லீட், அக்கூஸ்டிக். மேல் வரிசையில் அபூர்வமாகத் தேவைப்படுபவை இருக்கட்டும். ஒரு சீனிலிருந்து மற்றொன்றுக்கு அவசரமாக ஓடும் வேலை கீழ் வரிசைக்குள்ளேயே முடிந்துவிடும். லீடைக் காலுக்கு மிக அருகில் உள்ள சுவிட்சில் வையுங்கள், ஏனென்றால் தாமதமானால் ஊருக்கே தெரிவது அது ஒன்றுதான்.

ஹெலிக்ஸைத் தொடர்ந்து வாசிக்கும் நாள்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குளோபல் செட்டிங்கில் ஸ்னாப்ஷாட் எடிட்ஸ் என்பது ரீகாலில் இருக்கிறதா டிஸ்கார்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கார்டில் இருந்தால், மேடையில் நீங்கள் குறைத்த டிலே அடுத்த ஸ்னாப்ஷாட் போய்த் திரும்பும்போது பழைய அளவுக்கே வந்து நிற்கும். அது நல்லதா கெட்டதா என்பது வாசிப்பவரின் குணத்தைப் பொறுத்தது. அடிக்கடி கை வைப்பவருக்கு டிஸ்கார்டே பாதுகாப்பு.

மைக்செட்_குடியாத்தம்:

வெயில் பற்றி யாரும் சொல்லவில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் நம் பகுதியில் 40 டிகிரியைத் தாண்டும் பிற்பகலில்தான் சவுண்ட் செக் நடக்கிறது. மேடைக்கு மேல் தகரமோ தார்ப்பாயோ இருந்தாலும் மேற்கு வெயில் சரியாகக் கருவியின் மீது விழும். உலோக உடல் கொண்ட எந்தக் கருவியும் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். தொடுதிரையில் வியர்வை விரல் வழுக்கும். வெயிலில் திரை தெரியவும் தெரியாது. சவுண்ட் செக் முடிந்ததும் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு மூடிவையுங்கள். கறுப்புத் துணி வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கருவியை மூட வேண்டாம், அணைத்த பிறகு மூடுங்கள்.

காட்பாடி_கம்பி:

எல்லோருடைய ஆலோசனையையும் வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். குவாட் கார்டெக்ஸை வாங்குகிறேன், எல்டியை விற்கவில்லை. ஆடி முடியும்வரை குழுவின் கச்சேரிகள் அனைத்தும் எல்டியில்தான். கார்டெக்ஸை ஆலயத்தில் மட்டும் வாசிக்கிறேன், ஏனென்றால் அங்கே பாடல் வரிசை முன்கூட்டியே தெரியும், மின்சாரமும் யுபிஎஸ்ஸிலிருந்து வருகிறது, ஒரு சீன் தவறினாலும் சபையார் பொறுத்துக்கொள்வார்கள். அக்கூஸ்டிக்குக்கு இரண்டு கருவிகளிலும் ஒரே ஐஆரை ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்கவும் எண்ணியிருக்கிறேன்.

தீராமல் நிற்கும் கேள்வி ஒன்றே. அளவுகளைச் சீராக்க வீட்டில் என்னிடம் இருப்பது ஒரு சிறிய ஸ்பீக்கர் மட்டும். ஐயா சொன்ன பந்தல் சத்தத்தில் எப்படிச் சோதிப்பது?

மைக்செட்_குடியாத்தம்:

கச்சேரி இல்லாத நாளில் எங்கள் குடோனில் பெட்டிகளைத் துடைத்துச் சரிபார்ப்பது வழக்கம். கங்கையம்மன் திருவிழா வேலை தொடங்குவதற்கு முன் ஒரு பிற்பகல் வாருங்கள். இரண்டு டாப் ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் கட்டி, கச்சேரி அளவுக்குச் சத்தம் வைத்துத் தருகிறேன். மிக்ஸர் மீட்டரைப் பார்த்தபடி எட்டு சீனையும் நீங்களே சமன்செய்துகொள்ளலாம். கூடவே பேஸ் கிட்டார் வாசிப்பவரையும் அழைத்து வாருங்கள். தனியாகக் கேட்கும்போது நன்றாக இருக்கும் கிட்டார் ஒலி, பேஸ் சேர்ந்ததும் வேறாகத்தான் இருக்கும்.

காட்பாடி_கம்பி:

மிக்க நன்றி ஐயா. பேஸ் வாசிப்பவரிடம் பேசிவிட்டுத் தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கம்பிகளும் டிஐ பெட்டியும் நான் கொண்டுவர வேண்டுமா?

மைக்செட்_குடியாத்தம்:

அவை இங்கே இருக்கின்றன. கார்டெக்ஸோடு எல்டியையும் கொண்டு வாருங்கள். பழைய அளவு எது என்று தெரியாமல் புதியதைச் சமன்செய்ய முடியாது.